அத்தைக்கு டெஸ்டர் வைத்த வருஷம்

உங்கள் கைபேசிக்கும் அந்தக் குறுஞ்செய்தி வந்திருக்கும். அடுத்த சில மணி நேரத்தில் இடி மின்னலுடன் மழை பெய்யலாம், திறந்த வெளியில் நிற்காதீர்கள் என்று. நேற்று மத்தியானம் அது வந்தபோது நான் தஞ்சாவூர் வீட்டு மொட்டை மாடியில் வற்றல் காயவைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்து முடிப்பதற்குள் முதல் இடி இடித்துவிட்டது. அரசாங்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடியது நான்தான். நம் வயதில் எல்லோரும் செய்கிற காரியம்தானே.

நம் காலத்தில் இப்படி முன்கூட்டிச் சொல்ல யாருமில்லை. இருந்திருந்தாலும் நடவை நிறுத்தியிருப்பார்களா என்பது வேறு விஷயம். வற்றலை வாரிக்கொண்டு இறங்கி வந்து உட்கார்ந்ததிலிருந்து எனக்கு எங்கள் தெருவுக்குக் கரண்டு வந்த அந்தப் புரட்டாசிதான் நினைவில் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்களில் பலருக்கும் அப்படி ஒரு வருஷம் இருக்கும். வீட்டுக்கு ஒரு விளக்கு என்று அரசாங்கம் கொடுத்ததே, அந்த வருஷம்.

ஒரே விளக்கு. அதை வைத்துத்தான் எங்கள் வீட்டில் சண்டை.

கூரை வீடு. முன்னால் ஒரு கட்டு, பின்னால் அடுப்படி, நடுவில் ஒரு நிலைப்படி. அம்மாவுக்கு விளக்கு அடுப்படியில் வேண்டும். கல்யாணம் ஆனதிலிருந்து புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருட்டில் குழம்பு கூட்டியவள். அத்தைக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, விளக்கு முன்கட்டில் வேண்டும். அவளுக்கு ஒரத்தநாட்டுப் பக்கம் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. வருகிறவர்கள் தன் முகத்தை வெளிச்சத்தில் பார்க்கட்டுமே என்று ஆசை. இரண்டும் நியாயமான ஆசைதான். அப்பா யார் பக்கமும் சாயாமல் நடு நிலைப்படியில் விளக்கை மாட்டச் சொன்னார். வெளிச்சம் அடுப்புக்கும் போகவில்லை, வாசலுக்கும் வரவில்லை. நிலைப்படிக்கு மட்டும் நன்றாகத் தெரிந்தது. எங்கள் அப்பா அப்படித்தான், பாவம்.

அன்றிலிருந்து அம்மாவும் அத்தையும் பேச்சை நிறுத்தினார்கள். பேச்சு முழுக்க என் வழியாகத்தான் நடந்தது.

"உங்க அத்தகிட்ட சொல்லு, சோறு ஆறுதுன்னு."

"உங்க அம்மாகிட்ட சொல்லு, எனக்குப் பசிக்கலன்னு."

இருவரும் ஒரு கை தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். நான் இந்தப் பக்கம் திரும்பி ஒருமுறை, அந்தப் பக்கம் திரும்பி ஒருமுறை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இரண்டு பேரும் என்னை முறைப்பார்கள்.

விளக்கு மாட்ட வந்த லைன்மேனை நினைத்துக்கொள்கிறேன். காக்கிச் சட்டைப் பையில் பேனா மாதிரி ஒரு டெஸ்டர் செருகியிருப்பார். அதை மின்சாரத்தில் வைத்தால் அதன் கழுத்தில் ஒரு சின்ன ஆரஞ்சு வெளிச்சம் எரியும். நாங்கள் பிள்ளைகள் அதைப் பார்ப்பதற்காகவே அவர் பின்னால் அலைந்தோம். நல்ல மனுஷன். வேலையை முடித்துவிட்டுப் போய்விடாமல், தெருவில் எல்லோரையும் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்.

"கரண்டு புடிச்ச ஆள வெறுங்கையால தொடாதீங்க. புள்ளையா இருந்தாலும் பொண்டாட்டியா இருந்தாலும் தொடாதீங்க. தொட்டா நீங்களும் சேந்து போயிடுவீங்க. மெயின அணைங்க, இல்லன்னா காஞ்ச கட்டையால தள்ளுங்க."

பிறகு ஒரு குழி வெட்டி, குழாயைப் புதைத்து, உப்பும் அடுப்புக்கரியும் கொட்டி மூடினார். இது எதற்கு என்று அப்பா கேட்டார். "இதுதான் எர்த். கரண்டு தப்பி வந்துச்சுன்னா மண்ணு வாங்கிக்கும்" என்றார். தெருவே தலையாட்டியது. ஒரு வார்த்தை பிசகாமல் எல்லோரும் மனதில் வாங்கிக்கொண்டார்கள். நான் பிற்காலத்தில் நாகப்பட்டினத்தில் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராக இருந்தேன். அப்படிக் கேட்டுக்கொண்ட ஒரு வகுப்பு எனக்கு வாய்த்ததே இல்லை.

அந்தப் பாடம்தான் அத்தையைப் பிறகு ஒருநாள் சாகடிக்கப் பார்த்தது.

சம்பா நடவு. பள்ளிக்கூடம் இல்லாத நாள், நான் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். பெண்கள் வரிசையாகக் குனிந்து பின்னால் நகர்ந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக அம்மாவும் அத்தையும் பக்கத்துப் பக்கத்தில்தான் நடுவார்கள். பேச்சு இல்லாததால் அன்று அம்மா வரிசையின் இந்தக் கோடியில், அத்தை அந்தக் கோடியில். அந்தக் கோடியில் வரப்பு மேல் ஒற்றைப் பனை நின்றது. மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. ஈர மண் வாசனையும் பிடுங்கிய நாற்றின் பச்சை வாசனையும் கலந்து அடித்தன. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி, முடித்துவிட்டுக் கரையேறலாம் என்று யாரோ சொன்னார்கள்.

பனை மேல் இடி விழுந்தது. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன, முன்பின் இல்லை. வரப்பில் நின்ற எனக்கே உள்ளங்காலில் சுருக்கென்று ஏறியது. வரிசை மொத்தமும் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. பனையின் உச்சி புகைந்தது. வெடி வெடித்த மாதிரி ஒரு நெடி. ஒவ்வொருத்தியாகக் கையை ஊன்றி எழுந்தார்கள். அத்தை எழவில்லை. குப்புறக் கிடந்தாள். முகத்தில் பாதி தண்ணீருக்குள் இருந்தது.

"தொடாதீங்க, ஒடம்புல கரண்டு இருக்கும்."

யார் சொன்னார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. எல்லோருமே சொன்னார்கள் என்று நினைக்கிறேன். அத்தையுடன் சிறுவயதிலிருந்து பழகியவர்கள், அவளுக்காக உயிரைக் கொடுக்கக் கூடியவர்கள்தான். நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள், ஆனால் ஓர் எட்டு முன்னால் வைக்கவில்லை. ஒருத்தி காய்ந்த மூங்கில் தேடி ஓடினாள். அந்த மழைக்காலத்தில் காய்ந்த மூங்கிலுக்கு எங்கே போவது. மெயினை அணையுங்கள் என்று ஒருத்தி கத்தினாள். வானத்துக்கு மெயின் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

அம்மா ஓடினாள். வரப்பைச் சுற்றி ஓடவில்லை. அப்போதுதான் நட்ட நாற்றை மிதித்துக்கொண்டு குறுக்கே ஓடினாள். நட்ட நாற்றில் கால் வைத்த நடவாளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா. நான் அன்று ஒருமுறைதான் பார்த்தேன். அத்தையின் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து முகத்தைத் தண்ணீரிலிருந்து தூக்கினாள். மடியில் போட்டு முதுகிலும் மாரிலும் ஓங்கி ஓங்கி அடித்தாள்.

"எந்திரிடி. எந்திரிடி. எந்திரிடின்னா."

அத்தைக்கு இருமல் வந்தது. சேற்றுத் தண்ணீரை அம்மாவின் மேலேயே கக்கினாள். பிறகு பெரிய மூச்சு ஒன்று இழுத்தாள். எனக்கு அழுகை அப்போதுதான் வந்தது.

இதை எத்தனையோ வகுப்பில் விளக்கியிருக்கிறேன். மேகத்துக்குள் பனித்துகள்கள் ஒன்றோடொன்று மோதி மின்னேற்றம் பிரிந்து நிற்கிறது. தாங்க முடியாத அளவுக்குச் சேர்ந்ததும் தரைக்கு இறங்குகிறது. நம் வீட்டு விளக்கில் ஓடுவது அரை ஆம்பியருக்கும் குறைவு. மின்னலில் ஓடுவது பல்லாயிரம் ஆம்பியர். பனையில் இறங்கியது ஈர மண்ணில் நாலாபக்கமும் பரவும். குனிந்து கையும் காலும் சேற்றில் ஊன்றி நிற்பவளுக்குக் கை வழியாக ஏறி நெஞ்சைக் கடந்து கால் வழியாக இறங்கும். ஆனால் எல்லாம் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். கம்பியில் மாட்டிக்கொண்டவர் மேல் கரண்டு ஓடிக்கொண்டே இருக்கிறது, தொடக்கூடாது. மின்னல் அடித்தவர் உடம்பில் ஒன்றுமே மிச்சமில்லை. அவரைத் தொடலாம், உடனே தொட வேண்டும், அதில்தான் பிழைப்பதும் போவதும் இருக்கிறது. இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியாது. தொட்டால் தானும் சாவோம் என்று மற்றவர்களைப் போலவே அவளும் நம்பினாள். நம்பிக்கொண்டேதான் ஓடினாள். பிறகு ஒருநாள் கேட்டேன். "மூக்கு தண்ணிக்குள்ள இருந்துச்சு. பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றியா?" என்றாள். எரிச்சலாகத்தான் சொன்னாள்.

கதை அதோடு முடிந்திருக்கலாம். ஈரப் புடவையை மாற்றும்போது பெண்கள் அத்தையின் தோளைப் பார்த்துவிட்டார்கள். தோளிலிருந்து முதுகு வரை சிவப்பாக, கிளை கிளையாக, நாற்றைப் பிடுங்கினால் தெரியும் வேர் மாதிரி ஓர் அடையாளம் ஓடியிருந்தது. மின்னல் பட்ட தோலில் அப்படி வருவதுண்டு. ஓரிரு நாளில் தானாக மறைந்துவிடும், அத்தைக்கும் மறைந்துவிட்டது. ஆனால் அன்று பார்த்தவர்கள், "கரண்டு உள்ள ஓடிக்கிட்டிருக்கு பாரு, கம்பி இழுத்தாப்புல" என்றார்கள்.

உள்ளே கரண்டு இருந்தால் என்ன செய்வது? மண் வாங்கிக்கொள்ளும். லைன்மேனே சொல்லியிருக்கிறாரே. தெரு ஆண்கள் வாய்க்கால் கரையில் இடுப்பளவுக்குக் குழி வெட்டினார்கள். அத்தையை அதில் இறக்கி நிற்கவைத்து மண்ணைத் தள்ளினார்கள். அப்பா வீட்டிலிருந்து உப்புச் சட்டியையும் கரிக் கூடையையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். எர்த்துக்குப் போட்ட அதே உப்பு, அதே கரி.

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஊறுகா போடுறதுன்னா மொளகாத்தூளையும் போட்டுடுங்களேன்" என்றாள்.

அப்பா அழுதுகொண்டிருந்தார். "நீ சும்மா இரு புள்ள. எனக்கு இருக்கறது ஒரே தங்கச்சி" என்றார். அம்மா குழியருகே வந்து உட்கார்ந்தாள். கஞ்சித் தூக்கைத் திறந்து என்னைக் கூப்பிட்டாள். "உங்க அத்தகிட்ட சொல்லு, வாயத் தொறக்கச் சொல்லி." நான் சொன்னேன். அத்தை வாயைத் திறந்தாள். அம்மா கையால் அள்ளி ஊட்டினாள். இடுப்புவரை மண்ணுக்குள் நின்றுகொண்டு, "உங்க அம்மாகிட்ட சொல்லு, உப்பு பத்தலன்னு" என்றாள் அத்தை. சுற்றிலும் ஒரு சட்டி உப்பு.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் அவர்களை முட்டாள்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கற்றுக்கொண்டதை வைத்து ஒழுங்காகத்தான் யோசித்தார்கள். கம்பியில் வருவதும் வானத்திலிருந்து வருவதும் ஒரே மின்சாரம் என்று அவர்களுக்குத் தானாகப் புரிந்தது பாருங்கள். அது பெரிய விஷயம். மிச்சத்தைச் சொல்லத்தான் ஆளில்லை. மறுநாள் அப்பா அத்தையைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். குதிகாலில் இருந்த தீப்புண்ணுக்குக் கட்டுப் போட்டுவிட்டு, வேறு ஒன்றுமில்லை, போகலாம் என்றார் டாக்டர். உடம்பில் கரண்டு இருக்குமா என்று அப்பா கேட்கவில்லை. அப்படி ஒரு கேள்வி இருக்கும் என்று டாக்டருக்கும் தோன்றவில்லை.

அதனால் தெரு அத்தையைத் தொடாமலே இருந்தது. கடையில் அவள் வாங்கும் சாமானைக் கீழே வைத்தார்கள், அவள் எடுத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் ஓடிவந்து விரலால் தொட்டுவிட்டு அலறிக்கொண்டு ஓடினார்கள். அப்பா அவளை நடு நிலைப்படி வழியாகப் போகவே விடவில்லை. மேலே விளக்கு எரிகிறது, இரண்டு கரண்டும் சேர்ந்துகொண்டால் என்ன ஆவது என்று பயம். விளக்குக்காகச் சண்டை போட்டவள் வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லை வழியாக அடுப்படிக்கு வந்தாள். நான் அவளுடன்தான் படுத்தேன். ராத்திரியில் என் கையைப் பிடித்துக்கொள்வாள். "சுருக்குங்குதா பாப்பா?" என்று கேட்பாள். அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

சேதி ஒரத்தநாட்டுக்குப் போகாமல் இருக்குமா. மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் வந்தார்கள். முன்கட்டில் பாய் போட்டு உட்காரவைத்தோம். அந்த அம்மா காப்பியைத் தொடவில்லை. அவர்களே தலையைக் குனிந்தபடி பேச்சை ஆரம்பித்தார்கள்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க. எம் பெரிய புள்ள மோட்டார் கொட்டகையில கரண்டு புடிச்சுத்தான் போனான். அவன இழுக்கப்போன எங் கொழுந்தனாரும் அவன் மேலயே விழுந்து போனாரு. ரெண்டு பேரையும் ஒண்ணா தூக்குனோம். இவன் ஒருத்தன்தான் எனக்கு மிச்சம். உங்க பொண்ணு நல்ல பொண்ணு. ஆனா எம் புள்ள அதுங் கையப் புடிக்கணுமே."

அதுவரை அந்த அம்மா மேல் எனக்கு இருந்த ஆத்திரம் அந்த இடத்தில் கரைந்தது. கதவுக்குப் பின்னால் அத்தை நின்றாள். நிச்சயத்துக்குக் கட்டிய புடவையைக் கட்டியிருந்தாள்.

"ஒரு டெஸ்ட்டு வச்சுப் பாத்துடலாங்க" என்றார்கள் அந்த அம்மா. "லைன்மேன் ஒருத்தரக் கூப்பிடுங்க. அவரு டெஸ்டர்ல வெளக்கு எரியலன்னா முகூர்த்தத்துக்கு நாள் பாப்போம்."

லைன்மேன் வந்தார். வாய்க்கால் கரைச் சமாச்சாரம் எல்லாம் அப்போதுதான் அவர் காதுக்கு எட்டியது. முகம் செத்துப்போய்விட்டது. "நான் கம்பியில மாட்டுறவங்களுக்குத்தானே சொன்னேன். இடிய நான் நெனச்சே பாக்கலியே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மனுஷ உடம்பில் டெஸ்டர் வைக்க மாட்டேன், இது என்ன கூத்து என்று மறுத்தார். அத்தைதான் வெளியே வந்து மணிக்கட்டை நீட்டினாள்.

"வையுங்கண்ணே."

முதலில் விளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் வைத்துக் காட்டினார். ஆரஞ்சு வெளிச்சம் எரிந்தது. டெஸ்டர் சரியாக இருக்கிறது. பிறகு அத்தையின் மணிக்கட்டில் வைத்தார். அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். தெருவே வாசலில் நின்று அந்தக் குச்சியின் கழுத்தைப் பார்த்தது. எரியவில்லை.

"தோள்ல ஒருக்கா வையுங்க" என்றார்கள் அந்த அம்மா. வைத்தார். எரியவில்லை.

அத்தை கண்ணைத் திறந்தாள். அவளுடைய பழைய குரல் அப்போதுதான் திரும்பி வந்தது. "எனக்கு மட்டும் வச்சா எப்புடி? மாப்பிள்ளைக்கும் வச்சுப் பாத்துடுங்கண்ணே. நானுமில்ல அவரு கையப் புடிக்கணும்."

தெரு சிரித்துவிட்டது. மாப்பிள்ளை சிரிக்காமல் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கையை நீட்டினார். அந்த ஒரு காரியத்துக்காக எனக்கு அவரை இன்றுவரை பிடிக்கும். அவருக்கும் எரியவில்லை.

ஆனால் மாப்பிள்ளையின் அம்மா எழுந்து நின்றும் கையை நீட்ட முடியாமல் தவித்தார்கள். கை முன்னால் வருகிறது, பாதியில் நின்றுவிடுகிறது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான், தொட்டவர் திரும்பவில்லை. அப்போது அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். கையில் கரி. நேராக அத்தையிடம் போய் அவள் கன்னத்தில் தன் உள்ளங்கையை வைத்தாள்.

"நான்தாங்க தூக்குனேன். அன்னிலேருந்து தொட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். இங்க பாருங்க, எனக்கு ஒண்ணும் ஆவல. நீங்களும் தொடுங்க."

மாப்பிள்ளையின் அம்மா அத்தையின் தலையில் கை வைத்தார்கள். வைத்தவர்கள் எடுக்கவில்லை. அத்தையைக் கட்டிக்கொண்டு பெரிய மகன் பெயரைச் சொல்லிக் கதறினார்கள். அவனைத் தொடவிடாமல் அன்று மற்றவர்கள் தன்னைப் பிடித்துவைத்தார்களாம். அடக்கம் பண்ணும்போதுதான் தொட முடிந்ததாம். அத்தையின் கன்னத்தில் கரிக் கை அச்சாகப் பதிந்திருந்தது. அந்தக் கன்னத்தோடுதான் அவளுக்கு நாள் குறித்தார்கள்.

நாலு நாள் கழித்து அப்பா விளக்கைக் கழற்றி முன்கட்டில் மாட்டினார். அம்மா சொல்லித்தான். கல்யாணம் முடிந்ததும் அடுப்படிக்கு மாற்றுவதாகப் பேச்சு. யாரும் மாற்றவே இல்லை. அந்த விளக்குக்கு இருந்த கறுப்புக் குமிழ் சுவிட்சு, கூரை வீட்டைப் பிரித்தபோது எங்கே போனதோ தெரியவில்லை. அத்தை ஒரத்தநாட்டுக்குப் போனாள், பிள்ளைகள் பெற்றாள், திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் கூட நடந்தது. அம்மாவும் அவளும் மறுபடி சண்டை போட்டார்கள், மறுபடி பேசினார்கள். வயலில் "எந்திரிடி" என்று கத்தியதைச் சொல்லி நான் கிண்டல் செய்வேன், நீதானே முதலில் பேசினாய் என்று. "அது பேச்சுல சேராது" என்பாள் அம்மா.

போன தை மாதம் அம்மா போய்விட்டாள். வயது ஆகிவிட்டது, படுத்து ரொம்ப நாள் கஷ்டப்படவில்லை. உறவுக்காரர்கள் வர வேண்டும் என்று ஐஸ் பெட்டி வாடகைக்கு எடுத்து வைத்திருந்தோம். காலையில் என் தம்பி மகன் மாலை வைக்கப் போனவன் கையை உதறிக்கொண்டு பின்னால் வந்தான். பெட்டியில் ஷாக் அடித்தது. "யாரும் தொடாதீங்க, பெட்டியில கரண்டு இருக்கு" என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோரும் விலகி நின்றார்கள். நடுவில் கண்ணாடிக்குள் அம்மா தனியாக இருந்தாள்.

அந்த நேரத்தில்தான் அத்தை வந்து இறங்கினாள். மாமா கையைப் பிடித்து அழைத்து வந்தார். இடுப்பு வளைந்துவிட்டது, நட்ட காலத்தில் குனிந்த மாதிரியே நடக்கிறாள். பெட்டியிடம் போனவளை நாலு பேர் தடுத்தார்கள்.

"தொடாதீங்க அத்தை, கரண்டு."

அத்தை நின்றாள். எங்களை எல்லாம் ஒருமுறை பார்த்தாள். "அணைங்களேன்" என்றாள். "அதுக்குத்தான் சுவிட்சு இருக்குல்ல."

நான் போய் அணைத்துப் பிளக்கையும் பிடுங்கினேன். பெட்டியின் உறுமல் நின்றது. மாமா மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அத்தை கையை உள்ளே விட்டு அம்மாவின் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தாள். குளிர்ந்து கிடந்திருக்கும். கையை எடுக்கவில்லை.

"எந்திரிங்க அண்ணி" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். "எந்திரிங்க. எந்திரிங்கன்னா."

பெட்டிக்காரர் என்னிடம் வந்து, ரொம்ப நேரம் அணைத்து வைக்கக்கூடாதுங்க என்றார். தெரியும் என்றேன். சுவிட்சை மறைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றேன். அத்தை தானாகக் கையை எடுக்கும் வரைக்கும் அங்கேயே நின்றேன்.